விரல், நூல், மில்லிமீட்டர்: பள்ளுருத்திப் பட்டறையின் அளவு நாடா

கொச்சி நகரின் தென்மேற்கில், தோப்பும்படியைக் கடந்தால் வரும் பள்ளுருத்தியில் மரப்பட்டறைக்கு ஓர் அளவு நாடா வாங்கச் செல்பவர்முன் பெரும்பாலும் இரட்டை அளவு கொண்ட நாடாவே நீட்டப்படும். ஒரு விளிம்பில் அங்குலம், மறு விளிம்பில் சென்டிமீட்டர். இரண்டும் இருப்பது வசதிதானே என்று கருதி வாங்கிச் செல்வோரே மிகுதி. அவ்விரு விளிம்புகளும் எங்கிருந்து வந்தன, பட்டறையில் எது எவ்வேலைக்கு உதவும் என்ற கேள்விக்குக் கேரளத்தில் கிடைக்கும் விடை வேறு, தமிழகத்தில் கிடைக்கும் விடை வேறு. அவ்வேறுபாட்டின் வேர், ஆங்கிலேயர் வருமுன்பே இரு நாட்டுத் தச்சர்களும் கையாண்ட கோல்களில் இருக்கிறது.

கேரளத் தச்சு மரபின் அடிப்படை அளவு கோல். 24 விரல் கொண்டது ஒரு கோல். விரலுக்கு 8 யவம். வடமொழி நூல்கள் விரலை அங்குலம் என்றும் கோலை ஹஸ்தம் என்றும் கூறும். திருமங்கலத்து நீலகண்டன் மூஸ்ஸது 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மனுஷ்யாலய சந்திரிகை’ வீடு கட்டுவோருக்கு இக்கணக்கை வகுத்துரைக்கும் நூல். 24 விரல் கோல் கிஷ்கு எனப்பட்டது. 25 விரல் பிராஜாபத்தியம், 26 தனுர்முஷ்டி, 27 தனுர்கிரகம் என ஒவ்வொரு விரல் கூடும்போதும் வேறு பெயர் உண்டு. இன்று கேரளத்தில் நடைமுறையிலுள்ள கோல் 72 செ.மீ., விரல் 3 செ.மீ. உடம்பை ஒட்டிப் பிறந்த ஓர் அளவு இவ்வளவு முழுமையான எண்களில் தற்செயலாக வந்து நின்றது என்று நம்புவது கடினம். பழைய கோல் மீட்டர் முறைக்குள் நுழைந்தபோது அருகிலிருந்த முழு எண்ணில் அமர்ந்துகொண்டது என்று ஊகிப்பதே பொருந்தும்.

தமிழகத்தில் நிலைமை வேறு. அங்கே வழங்கும் தச்சு முழம் 33 அங்குலம், அதாவது 2 அடி 9 அங்குலம். இதையும் 24 விரலாகப் பகுத்தால் ஒரு விரல் 1⅜ அங்குலம் ஆகும். தச்சர் மொழியில் சொன்னால், அங்குலத்துக்கு 8 நூல் என்ற கணக்கில், சரியாக 11 நூல். இங்கும் அதே முழுமை. ஆனால் அது ஆங்கில அங்குலத்தில் கிடைக்கும் முழுமை. தமிழகத் தச்சு முழம் அங்குலத்தின் காலத்திலும், கேரளக் கோல் சென்டிமீட்டரின் காலத்திலும் தத்தம் வடிவில் இறுகின என்பதற்கு இவ்விரு எண்களையும் சான்றாகக் கொள்ள இடமுண்டு. விளைவு கண்கூடானது: இரட்டை நாடாவின் அங்குல விளிம்பில் தமிழ்த் தச்சு முழம் கோட்டின்மேல் வந்து விழும், சென்டிமீட்டர் விளிம்பில் 83.82 என்று தடுமாறும். கேரளக் கோலோ சென்டிமீட்டர் விளிம்பில் 72 என்று நேராக நிற்கும். அங்குல விளிம்பில் 28.346 என்று எந்தக் கோட்டிலும் சேராமல் நிற்கும். பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து வேலைக்கு வரும் தச்சர் ஒருவர் ஒரே நாடாவைத்தான் கொண்டுவருகிறார். எனினும் கணவாயின் இருபுறமும் அந்நாடாவின் வெவ்வேறு விளிம்பே மரபுக்குப் பொருந்துகிறது.

ஒரே பெயர் பல நீளங்களைச் சுமப்பது தமிழ் நிலத்துக்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகள் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல், மாளிகைக் கோல், உலகளந்த கோல் எனப் பல கோல்களைக் குறிப்பிடுகின்றன. நிலத்தை எந்தக் கோலால் அளந்தனர் என்பதைத் தனியே எழுதவேண்டிய தேவை இருந்தது. சில கோயில்களில் கோலின் நீளத்தையே சுவரில் வெட்டி வைத்தனர். ஐயம் எழுந்தால் சுவரிடம் சென்று ஒத்துப்பார்க்கலாம். தச்சரின் முழக்கோலுக்கு அத்தகைய பொதுச் சுவர் இல்லை. அது மூத்தாசாரியின் கையில் இருந்தது. ஓர் ஊரின் முழக்கோல் அடுத்த ஊரின் முழக்கோலைவிட அரை விரல் குறைந்தாலும் வீட்டுக்குக் கேடில்லை. குற்றியடி முதல் கூரை வரை அந்த ஒரே கோல்தான் பயன்பட்டது. உத்தரம், கழுக்கோல், கட்டளை எல்லாம் அதனாலேயே அளக்கப்பட்டன. ஓர் அளவை மற்றோர் அளவுக்கு மாற்றும் வேலையே அங்கு இல்லை என்பதுதான் அம்முறையின் வலிமை.

அந்த வலிமை குலைந்த வரலாற்றைக் கொச்சியைப்போல் விளக்கும் ஊர்கள் குறைவு. போர்த்துகீசியர் முன்னரே தம் முழக்கணக்குகளுடன் வந்திருந்தனர். 1663இல் கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக்காரர் ரைன்லாந்து அடியைக் கொண்டுவந்தனர். அது ஏறத்தாழ 31.4 செ.மீ. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் வசமானது, 30.48 செ.மீ. அடி வந்தது. அதன்பின் இப்பகுதி மூன்று ஆட்சிகளின் எல்லைகள் முட்டும் இடமாகவே இருந்தது. கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் நிலம். மட்டாஞ்சேரியும் பள்ளுருத்தியும் கொச்சி சமஸ்தானம். இடக்கொச்சிக்குத் தெற்கே காயலைக் கடந்தால் அரூர், அது திருவிதாங்கூர். பிரிட்டிஷ் இந்தியாவுக்கென 1889இல் இயற்றப்பட்ட நீள அளவைச் சட்டம் இங்கிலாந்தின் கஜத்தையே சட்டபூர்வ அளவாக்கியது. கோட்டைக்குள் செல்லுபடியான அச்சட்டம், சில கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளுருத்தியைத் தானாகக் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் அளவுகள் எல்லைச் சாவடியில் நிற்பதில்லை. கோட்டையிலும் துறைமுகத்திலும் வேலை செய்த தச்சர் அடியையும் அங்குலத்தையும் தம் ஊருக்கு எடுத்துச்சென்றிருப்பர் என்பதை உணர ஆவணம் தேவையில்லை.

அங்குலம் இங்கு எளிதில் வேரூன்றியதற்கு ஒரு மொழிக் காரணமும் உண்டு. ‘இஞ்ச்’ என்பதற்கு மொழிபெயர்ப்பு தேடப்பட்டபோது தச்சு நூல்களின் ‘அங்குலம்’ அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. ‘ஃபுட்’ என்பதற்கு ‘அடி’ ஏற்கெனவே காத்திருந்தது. பழைய அங்குலம் எட்டு யவமாகப் பகுபட்டதுபோலவே ஆங்கில அங்குலமும் பட்டறையில் எட்டாகப் பகுபட்டது. எனவே கை பழகிய பகுப்பு மாறவில்லை. நீளம் மட்டும் மாறியது. 30 மி.மீ. அளவுள்ள ஒன்றின் பெயர் 25.4 மி.மீ. உள்ள வேறொன்றுக்குச் சென்றது. இதன் விளைவுகளை இன்றும் காணலாம். தமிழகத்துப் பஞ்சாங்கங்களில் அச்சாகும் மனையடிப் பலன் பட்டியல் அறையின் நீளத்தை அடிக்கணக்கில் கூறி ஒவ்வோர் அடிக்கும் நன்மை தீமை சொல்கிறது. அதை வாசிப்பவர் அந்த அடியை 30.48 செ.மீ. என்றே அளக்கிறார். இங்கிலாந்தின் அளவுச் சட்டங்களில் நிலைபெற்ற ஒரு நீளம், வீட்டுக்குச் செல்வமா வறுமையா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை ஏற்றிருப்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

அளவை மாற்றுவதால் கணக்கு எப்படிக் கெடுகிறது என்பதற்குக் கேரளத்தின் யோனிக் கணக்கு தெளிவான எடுத்துக்காட்டு. கட்டடத்தின் சுற்றளவைக் கோலில் எடுத்து, 3ஆல் பெருக்கி, 8ஆல் வகுத்து, எஞ்சுவதைக் காண்பது முறை. 3ஆல் பெருக்குவதன் பொருள் எளியது: 8 விரல் ஒரு பதம், கோலுக்கு மூன்று பதம், ஆகவே சுற்றளவு பதக்கணக்காக மாறுகிறது. ஒற்றைப்படை எஞ்சினால் ஏற்புடையது, இரட்டைப்படை எஞ்சினால் விலக்கத்தக்கது. 7 கோல் நீளமும் 5 கோல் 12 விரல் அகலமும் உள்ள ஒரு கட்டடத்தைக் கொள்வோம். சுற்றளவு 25 கோல், 75 பதம். 8ஆல் வகுக்க எஞ்சுவது 3. தெற்குத் திசைக்குரிய சிம்ம யோனி. மீட்டரில் இது 5.04க்கு 3.96, சுற்றளவு மிகச்சரியாக 18 மீட்டர். இதே கட்டடத்தை அங்குல விளிம்பில் அளந்தால் 16 அடி 6.4 அங்குலமும் 12 அடி 11.9 அங்குலமும் வரும். ஒப்பந்தக்காரர் இதைப் பதினாறரை அடி, பதின்மூன்றடி என்று எழுதிக்கொள்வது இயல்பு. அப்போது சுற்றளவு 59 அடி, அதாவது 17,983 மி.மீ. குறைந்தது 17 மி.மீ. மட்டுமே, ஒரு விரலின் அளவுகூட இல்லை. ஆனால் பதக்கணக்கு 75ஐத் தொடாமல் 74.93இல் நின்றுவிடுகிறது. முழுப் பதங்களை மட்டும் எண்ணும் கண்டிப்பான கணக்கரிடம் எஞ்சுவது 2, அதாவது விலக்கத்தக்க தூம யோனி. இந்நம்பிக்கையை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் அதற்காகப் பணம் கொடுத்த வீட்டுக்காரர், கட்டிமுடித்த சுவரின்மேல் மூத்தாசாரி மீண்டும் கோல் வைக்கும் நாளில் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர் கூலிக்கு வேலை செய்தவரே.

கேரளம் பிறந்தது 1956 நவம்பர் 1இல். எடை அளவைகள் தரநிர்ணயச் சட்டம் ஒப்புதல் பெற்றது அதே ஆண்டு டிசம்பர் 28இல். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் மீட்டர் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1962 ஏப்ரலில் எடை அளவுகளில் கட்டாயமானது. இதனிடையே 1959 ஜூலை 1இல் அமெரிக்காவும் பிரிட்டனும் இன்னும் நான்கு நாடுகளும் கூடி, அதுவரை நாட்டுக்கு நாடு மயிரிழை அளவு வேறுபட்டிருந்த அங்குலத்தை 25.4 மி.மீ. என ஒன்றாக்கின. இந்தியா அங்குலத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்த அதே வேளையில் அங்குலம் மீட்டரின் பின்னமாக மாறிவிட்டது. ஆகவே இன்றைய இரட்டை நாடாவின் இரு விளிம்புகளும் மீட்டரின் பிள்ளைகளே. மாணவர் பலர் இதை அறியாமலேயே அங்குலத்தைத் தனியொரு பரம்பரையாகக் கருதுகின்றனர்.

சட்டம் மாறியது, பேச்சு மாறவில்லை. 1967 நவம்பர் 1இல் பள்ளுருத்தி கொச்சி மாநகராட்சியுடன் இணைந்தது. அதன் நிலங்கள் ஆவணத்தில் ஆர் கணக்கிலும் வாய்ப்பேச்சில் சென்ட் கணக்கிலும் கைமாறுகின்றன. மீன்பிடிப் படகுகள் இன்றும் அடியில் பேசப்படுகின்றன. மரம் கன அடியில் விலைபோகிறது. ஒட்டுப்பலகையின் நீள அகலம் ‘எட்டுக்கு நாலு’. அதன் கனமோ 6, 12, 18 மி.மீ. ஒரே பலகையின் இரு பக்கம் ஒரு மொழியிலும் மூன்றாம் பக்கம் வேறு மொழியிலும் பேசுகின்றன. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் மீட்டர் முறையையே அளவாக ஏற்கிறது. எனினும் ‘எட்டுக்கு நாலு’ என்ற சொல்லை எந்தச் சட்டமும் பட்டறையிலிருந்து எடுத்துவிடவில்லை.

ஜப்பான் அவ்வாறு எடுக்க முயன்றது. மரபளவான ஷாக்கு 1959 முதல் வணிகத்தில் தடைசெய்யப்பட்டது. ஷாக்கு குறித்த தச்சு மட்டங்களை விற்பதும் குற்றமானது. கோயில்களையும் மரவீடுகளையும் செப்பனிடும் தச்சர்களுக்கு வேறு கருவி பயன்படாது. உலகெங்கும் ‘சுகியாகி’ எனப் பெயர்பெற்ற பாடலின் ஆசிரியரும் வானொலிக் கலைஞருமான எய் ரொக்குசுக்கே 1970களில் அவர்களுக்காக வெளிப்படையாகப் போராடினார். இறுதியில் அரசு ஒரு வழி கண்டது. ஷாக்கு என்பது 33இல் 10 பங்கு மீட்டர். ஆகவே அப்பகுப்பை ‘மீட்டரில் 33இல் ஒரு பங்கு’ என்று எழுதி விற்கலாம். கருவி அதுவே, பெயர்தான் வேறு. கேரளக் கோலுக்கு அத்தகைய போராட்டம் தேவைப்படவில்லை. 72 செ.மீ. என அது ஏற்கெனவே மீட்டரின் உடையை அணிந்திருந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடைகளில் கிடைக்கும் சீன மனைக்கணக்கு நாடா இன்னொரு தீர்வு: சென்டிமீட்டருக்கு அடியிலேயே 42.9 செ.மீ. அளவு எட்டுப் பகுதிகளாக அச்சிடப்பட்டிருக்கும். சிவப்பு எழுத்து நன்மை, கறுப்பு தீமை. கேரளக் கணக்கிலும் எட்டு, அங்கும் எட்டு. இதிலிருந்து தொடர்பு எதையும் முடிவுசெய்ய இயலாது என்றாலும் ஒப்பியல் ஆய்வு செய்வோர் கவனிக்கத்தக்கது.

இனி நாடாவுக்கு வருவோம். உள்ளிழுக்கும் சுருள்வில் நாடாவுக்கு ஷெஃபீல்டின் ஜேம்ஸ் செஸ்டர்மேன் 1829இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் ஆல்வின் ஃபெலோஸ் 1868 ஜூலை 14இல் பெற்ற காப்புரிமை, இழுத்த நாடாவை வேண்டிய இடத்தில் நிறுத்தும் அமைப்புக்கானது. 1922இல் ஹைரம் ஃபாரண்ட் நாடாவைக் குறுக்கே வளைத்து, துணையின்றி நீட்டி நிற்கச் செய்தார். இன்றும் அமெரிக்கச் சந்தைக்கான நாடாக்களில் 16 அங்குலத்துக்கு ஒருமுறை சிவப்புக் குறியும், 19.2 அங்குலத்துக்கு ஒருமுறை கறுப்பு வைரக் குறியும் உண்டு. அவை அந்நாட்டு மரச்சுவர் வீடுகளின் உட்சட்ட இடைவெளிகள். செங்கல்லால் கட்டும் பள்ளுருத்தியில் அக்குறிகளுக்கு எவ்வேலையும் இல்லை. நாடா எந்த ஊர் வீட்டுக்காகப் பிறந்தது என்பதை மட்டும் அவை சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நாடாவின் துல்லியம் பற்றிய கவலை பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது. நாடாவில் ரோமன் எண்ணில் அச்சிடப்படும் தரவகுப்பே அதன் பிழை வரம்பைச் சொல்லும். II என்றால் முதல் மீட்டரில் அரை மி.மீ., 5 மீட்டரில் 1.3 மி.மீ.; I என்றால் 5 மீட்டரில் 0.6 மி.மீ. முனைக்கொக்கி ஆடுவதைக் குறை என்று எண்ணி ஆணியடித்து இறுக்குவோர் உண்டு. அது தன் கனத்தின் அளவே நகருமாறு அமைக்கப்பட்டது. வெளியே கொக்கியிட்டு இழுத்தாலும் உள்ளே முட்டினாலும் அளவு ஒன்றாக வருவது அந்த ஆட்டத்தால்தான். நாடாவின் பிழை இவ்வளவே. அளவு மாற்றத்தின் பிழையை இதனுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். 18 மி.மீ. பலகையை முக்கால் அங்குலம் என்று சொல்லி 6 நூல் காடி வெட்டினால் 1 மி.மீ. தளர்வு, ஒரு மீட்டரில் நாடா செய்யக்கூடிய பிழையைவிட இரு மடங்கு. நாலடி சன்னல் என்று ஆசாரி சொல்ல, அடிக்கு 30 செ.மீ. என்று கணக்கிடும் அலுமினியப் பட்டறை 1200 மி.மீ. சட்டம் செய்து அனுப்பினால் 19 மி.மீ. இடைவெளி. ‘எட்டுக்கு நாலு’ என்பது ஒருவருக்கு 2440க்கு 1220 ஆகவும் மற்றவருக்கு 2400க்கு 1200 ஆகவும் இருக்கலாம். நீளத்தில் மட்டும் 40 மி.மீ. வேறுபாடு. வீணாவது தேக்கு என்றால், அன்றைய கூலி யாருடையது என்ற பேச்சு உடனே தொடங்கிவிடும்.

இரட்டை நாடாவுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு விளிம்பே கிடைக்கிறது. மரத்தின்மேல் படியும் விளிம்பில் அங்குலம் இருக்க, வேண்டியது மி.மீ. எனில், 19 அல்லது 25 மி.மீ. அகல நாடாவைத் தாண்டிக் கண்ணால் கோட்டை இறக்கவேண்டும். நாடாவின் வளைவால் விளிம்பு மரத்தைவிட்டு உயர்ந்திருக்க, பார்க்கும் கோணத்துக்கேற்பக் கோடு நகரும். அவசரத்தில் ஒரு முனையை ஓர் அளவிலும் மறுமுனையை மற்றோர் அளவிலும் வாசிப்பதும் நிகழ்கிறது. ஆகவே கொள்முதல் பேச்சுக்கும் மரக்கடைக்கும் இரட்டை நாடா பொருந்தும். வெட்டும் மேசைக்கு இரு விளிம்பிலும் மி.மீ. மட்டுமே உள்ள நாடாவே ஏற்றது. அதே அளவுள்ள பட்டறை மதுரையில் இருந்து, தச்சு முழக்கணக்கில் நிலை செய்வதாயின், இரு விளிம்பிலும் அங்குலமும் நூலும் உள்ள நாடாவைப் பரிந்துரைப்பதே முறை. அங்கே 33ஆம் கோடு கண்முன் நிற்கும்.

பள்ளுருத்தியில் மி.மீ. நாடா தனியாகவே முழக்கோலின் வேலையைச் செய்யும். 30 மி.மீ. ஒரு விரல், 240 மி.மீ. ஒரு பதம், 720 மி.மீ. ஒரு கோல். யவம் மட்டும் 3.75 மி.மீ. என வரும், நாலு யவத்துக்கு 15 மி.மீ. என்று கொண்டால் அதுவும் கோட்டில் சேரும். அழியாத மையால் 720, 1440, 2160, 2880, 3600, 4320 ஆகிய ஆறு இடங்களில் ஒரு குறி இட்டுக்கொண்டால் போதும். மாற்றுப் பட்டியல் வேண்டியதில்லை. ஏழாவது கோல் 5040 மி.மீ.யில் விழும். கடைகளில் அதிகம் விற்கும் 5 மீட்டர் நாடா அதற்கு 40 மி.மீ. முன்பே முடிந்துவிடுகிறது. எனவே வீட்டுவேலையும் எடுக்கும் பட்டறைக்கு 8 மீட்டர் நாடா வேண்டும். அதில் 11 கோல் அடங்கி, 80 மி.மீ. எஞ்சும்.